கீறல் வரும் இடம்

ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள் அருமைநாயகத்தை. முதுகுக்குப் பின்னால் இருப்பது அவருடைய சொந்த ஸ்பீக்கர், சொந்த அலமாரி, சொந்தப் பெண்டாட்டி எப்சிபா. அப்படியிருந்தும் உள்ளங்கை வேர்த்தது. வேட்டியில் துடைத்தார், மறுபடியும் வேர்த்தது. பாளையங்கோட்டைக் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு இயற்பியல் பரீட்சை வைத்த மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயில் ஆராதனைக்குப் போய்வந்து கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டு முன்னறையில் பரீட்சை எழுத உட்கார்ந்திருந்தார். நாற்காலியைக் கொஞ்சம் வலப்பக்கமாகத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், வலது காது ஸ்பீக்கர் பக்கம் வரட்டும் என்று. பக்கத்து நாற்காலியில் இருந்த பூதலிங்கம் விடவில்லை. "நேரா இரும்வே. நானும் ஜன்னலத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். திரும்பப் பிடாதுன்னா ரெண்டு பேரும் திரும்பப் பிடாது." பூதலிங்கம் அதே கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். சிடி கட்சி. அருமைநாயகம் இசைத்தட்டுக் கட்சி. இருவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஆகவே ஆகாது, மற்ற எல்லா விஷயத்திலும் ஒட்டிப்பிறந்த மாதிரி. இசைத்தட்டில் உயிர் இருக்கிறது, சிடியில் இருப்பது அதன் படம்தான் என்று இவர் சொல்வார். உம்முடைய உயிர் கரகரவென்று இருமுகிறதே, வைத்தியம் பார்க்கக் கூடாதா என்று அவர் கேட்பார். கண்ணைக் கட்டிவிட்டுப் போட்டாலும் எது தட்டு, எது சிடி என்று முதல் இழுப்பிலேயே சொல்லிவிடுவேன் என்று எத்தனை பேர் முன்னால் ஜம்பம் அடித்திருக்கிறார் அருமைநாயகம். வாய் கொழுத்த காலம் அது. இப்போது கேட்டால், வாயைக் கொண்டுபோய் எங்கேயாவது அடகு வைத்துவிட்டு வந்திருப்பார்.

விஷயம் இவ்வளவுக்கு வந்ததற்குக் காரணம் மகள் ஷெர்லிதான், அவளுக்கே அது தெரியாது. ஓசூரிலிருந்து பேறுகாலத்துக்கு அடுத்த வாரம் வருகிறாள். முன்னறையைத்தான் அவளுக்கு ஒழிக்க வேண்டும். பச்சைப்பிள்ளை இருக்கிற அறையில் இத்தனை தூசியும் அட்டையும் ஆகாது, ஒரு அலமாரிதான் உள்ளறைக்குப் போகும், தட்டா சிடியா என்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைக் கோயில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று எப்சிபா சொல்லிவிட்டாள். கொடுத்தே விடுவாள். போன பண்டிகைக்கு அவருடைய புதுக் குடையைக் காணிக்கையாகக் கொடுத்து, அதைப் போதகரின் மாமனார் ஏலத்தில் எடுத்து, இன்றைக்கும் அவர் கண் முன்னாலேயே பிடித்துக்கொண்டு போகிறார். இதைக் கேட்ட பூதலிங்கத்துக்குத்தான் கொண்டாட்டம். "பேசாம பரீட்ச வச்சிருவோம் தங்கச்சி. அவரு சொல்லுத மாதிரி கண்டுபிடிச்சிட்டாருன்னா தட்டு இருக்கட்டும். இல்லன்னா ஏலம்தான்" என்று போன வாரமே நாள் குறித்துவிட்டார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் மாட்டேன் என்று கேட்பார்களே. தலைவலி, சளி, காது அடைத்திருக்கிறது என்று சொல்லலாம், ஐயோ, காது என்கிற வார்த்தையையே எடுக்கக் கூடாது, எடுத்தால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். ஆகவே சரி என்றார். சரி என்று சொன்ன அந்த ராத்திரியே ஒரு கள்ளத்தனமும் செய்தார். எந்தத் தட்டைப் போடுவது என்று கேட்டபோது இந்த வயலின் தட்டைச் சொன்னார். இதே கச்சேரி சிடியாகவும் வந்திருக்கிறது, பூதலிங்கம்தான் மதுரையில் வாங்கி அவருக்கே பரிசாகக் கொடுத்தது, ஆகவே ஒத்துப் பார்க்கத் தோது என்று நியாயம் சொன்னார். சொல்லாத நியாயம் வேறு. ஷெர்லி பால்பல் விழாத வயசில் சேப்டி பின்னை வைத்து இந்தத் தட்டில் ஒரு கோடு இழுத்திருந்தாள். முதல் பக்கத்தில், காம்போதி ஆலாபனை மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் போய் நின்று, வில்லை எடுத்து, தம்பூரா மட்டும் ஓடுகிற ஒரு மூச்சு இடம் வரும். மிருதங்கம் இன்னும் வாயைத் திறந்திருக்காது. அந்த இடத்தில் தட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் என்று ஒரு அடி அடிக்கும். நாலைந்து தரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். சிடிக்காரனுக்கு இதைத் தெரியவிட்டால் மானம் போகும் என்று பூதலிங்கம் வருகிற நாளெல்லாம் இந்தத் தட்டின் மறுபக்கத்தைத்தான் போடுவார். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த கீறல். டிக் வந்தால் தட்டு, வராவிட்டால் சிடி, இதற்குக் காது எதற்கு, சும்மா காத்திருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டார். காத்திருப்பதற்கும் காதுதான் வேண்டும் என்பது இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

"முதல்ல ஒண்ணு போடுதேன்" என்றாள் எப்சிபா பின்னாலிருந்து. இது கேட்டது. அவள் குரல் கனத்த குரல், பாடகர் குழுவில் கீழ்ச்சுருதி பாடுகிறவள், கேட்கும், தெளிவாகக் கேட்கும், பார்த்தாயா, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சும்மா கிடந்து மருகுகிறாய் என்று தனக்கே தைரியம் சொல்லிக்கொண்டார். வயலின் தொடங்கியது. கீழ் ஸ்தாயியில் தேனை இழுப்பது போன்ற அந்த நீண்ட வில். இதுவும் கேட்டது. ஆனால் இது தட்டா சிடியா? ஒரு காலத்தில் இந்த முதல் இழுப்பிலேயே வில்லில் ரோமம் நரம்பைப் பற்றுகிற அந்தச் சின்னச் சொரசொரப்பு கேட்கும், அதற்கும் பின்னால் அரங்கத்தின் காற்று கேட்கும், தட்டு சுழல்கிற மெல்லிய இரைச்சல் கேட்கும். இப்போது வயலின் ஏதோ கம்பளிக்குள்ளே உட்கார்ந்து வாசிக்கிறது. யார் போர்த்திவிட்டார்கள்? ஒரு நாளில் வந்ததா என்ன. முதலில் கொசு போயிற்று. கொசு கடிக்கிறது, தடிக்கிறது, சொறிகிறோம், ஆனால் காதோரம் அந்த ரீங்காரம் எங்கே? இந்த வருஷம் கொசுக்களுக்கே பாட்டு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று எப்சிபாவிடம் வேடிக்கையாகக் கூடச் சொன்னார், அவள் சிரிக்காமல் அவரையே பார்த்தாள். அப்புறம் வகுப்பில் கடைசி பெஞ்சு போயிற்று. யாராவது எழுந்து நின்று வாயசைத்தால், நல்ல கேள்வி, யார் பதில் சொல்கிறீர்கள் என்று சொல்லிவிடுவார், பிள்ளைகள் தங்களுக்குள் பேசிச் சமாளித்துக்கொள்வார்கள், இந்தத் தந்திரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நாள் ஒருத்தி எழுந்து நின்றாள், நல்ல கேள்வி என்றார், வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பெண் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறாள். அவரும் சேர்ந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே, அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் நிறுத்தும்வரை சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியதாயிற்று.

ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தில் ஒரு அணில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாலை வெட்டி வெட்டி உதறியது. அது கத்துகிறது. ஏதாவது பூனையைப் பார்த்திருக்கும். ஒவ்வொரு கத்தலுக்கும் வால் ஒரு வெட்டு, உடம்பு ஒரு குலுக்கு, வாய்கூடத் திறந்து மூடுகிறது, ஆனால் சத்தம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி. ஜன்னலில் கண்ணாடி கிடையாது, வெறும் கம்பிதான். பூதலிங்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தார், அவர் முகத்தில் எரிச்சல், அணில் பாட்டைக் கெடுக்கிறதே என்று உச்சுக் கொட்டுகிறார், அப்படியானால் அவருக்குக் கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது, என்னைவிட மூத்தவர், சர்க்கரை வேறு, அவருக்குக் கேட்கிறது. நானும் உச்சுக் கொட்டவா? கொட்டினார். எவ்வளவு அழகாக நடிக்க வருகிறது. இருபதாயிரம் அதிர்வுக்கு மேலே இருப்பதை எல்லாம் சிடி வெட்டி எறிந்துவிடுகிறது, அந்த வெட்டுப்பட்டதில்தான் சங்கீதத்தின் வாசனை இருக்கிறது என்று கரும்பலகையில் கோடு போட்டு வாதாடினவர் இவர். இப்போது அவருடைய காதே கத்திரியை எடுத்துக்கொண்டுவிட்டது, அதுவும் எங்கேயோ கீழே, அணிலுக்கும் கீழே. இன்றைக்கு அணில், நாளைக்கு வயலின், நாளை மறுநாள் எப்சிபா. அப்பா கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து வாய்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுவிசேஷமுத்து கம்பவுண்டர் என்றால் ஆஸ்பத்திரித் தெருவே பயப்படும், அந்த மனுஷன் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் சிரித்தால் தானும் புன்னகையைத் தயாராக வைத்துக்கொண்டு, "என்னடே, என்ன சொன்னாவ?" என்று கேட்பார். யாராவது காதருகே குனிந்து ஒரு தரம் கத்துவார்கள், இரண்டாம் தரம் கத்துவார்கள். பிறகு ஒரு நாள் கையை வீசி "ஒண்ணுமில்லப்பா" என்றார்கள். அதோடு அதுவே பழக்கமாகிவிட்டது. அம்மா சொல்வாள் ஒண்ணுமில்ல, அண்ணன் சொல்வான் ஒண்ணுமில்ல. தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசி முடித்ததே, கோயிலில் கல்யாண ஓலை வாசித்த அன்றைக்குத்தான் அப்பாவுக்குத் தெரியும், அதையும் காதால் கேட்கவில்லை, எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்த்ததை வைத்துப் புரிந்துகொண்டார். ஒண்ணுமில்ல. அந்த வார்த்தைதான் அருமைநாயகத்தைத் தூக்கத்திலும் விரட்டியது. செவிடாவதில் கூட அவ்வளவு பயமில்லை, யாராவது தன்னைப் பார்த்து முதல் தரம் ஒண்ணுமில்ல என்று சொல்லப்போகிற நாளை நினைத்துத்தான் பயம்.

வயலின் ஏறிக்கொண்டிருந்தது. அடடா, நினைப்பை விட்டுவிட்டுக் கேள், இடம் வரப்போகிறது. பஞ்சமத்தில் கொஞ்சம் தயங்கி, தைவதத்தைத் தொட்டு இறங்கி, மறுபடி தொட்டு, இதோ உச்சி, மேலே போகப் போக வயலின் நூலாக மெலிந்து எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை, முடிந்துவிட்டதா, இது தம்பூராதானே, ஆமாம், இதுதான் இடம். மூச்சைப் பிடித்தார். ஒன்றுமில்லை. தம்பூரா ஓடியது. இன்னும் ஒன்றுமில்லை. மிருதங்கம் விழுந்தது. சரி, இது சிடி. சிடியேதான். அப்பாடா, இதற்கா இத்தனை பாடு. சிடியில் டிக் வராது, வராதது வரவில்லை, கணக்கு சரி. அடுத்தது தட்டு, அதில் டிக் வரும், வந்ததும் லேசாகச் சிரித்து, இதுதான் ஓய் தட்டு, இரத்தமும் சதையுமாக இருக்கிறது பாரும் என்று ஒரு போடு போட வேண்டும். எப்சிபா நிறுத்தினாள். பின்னால் ஏதோ நடமாட்டம். அவள் தட்டை எடுக்கிறாளா வைக்கிறாளா என்று செருப்பில்லாத அவள் காலடியை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தார், அதுவும் கம்பளிக்குள் போய்விட்டது.

"ரெண்டாவது" என்றாள். மறுபடி அதே வில், அதே தேன். முதலில் கேட்டதற்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம் தெரியவில்லை, தெரியாதது பற்றிக் கவலையும் இல்லை, கையில் துருப்புச் சீட்டு இருக்கிறதே. கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பூதலிங்கம் கண்ணை மூடித் தலையை ஆட்டுகிறார், ஆட்டும், ஆட்டும். ஷெர்லி அந்தக் கோட்டை இழுத்துவிட்டு, "அப்பா, ரோடு போட்டிருக்கேன் பாருங்க" என்று கொண்டுவந்து காட்டினாள். அடிக்கக் கை ஓங்கினார், ஓங்கின கைக்குக் கீழே அவள் அழுத அழுகை தெருமுனை வரை கேட்டிருக்கும். பிள்ளைகளுக்கெல்லாம் மெல்லிய குரல். பிறந்த பிள்ளைக்கு இன்னும் மெலிசு. அருமைநாயகத்தின் கால் தானாகக் கீழே இறங்கியது. அடுத்த மாதம் இந்த அறையில் ஒரு பிள்ளை கிடக்கும். எல்லாரும் குளிக்க, சமைக்க, கடைக்குப் போக, தாத்தா பக்கத்தில் இருக்கிறாரே என்று விட்டுவிட்டுப் போவார்கள். தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பிள்ளை அந்த அணில் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடும், கையைக் காலை வெட்டி வெட்டி உதறும், பால் புரையேறும், முகம் நீலமாகும், தாத்தா அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். ஐயோ கர்த்தாவே. டாக்டரிடம் போயிருக்க வேண்டும். கல்லூரிக்கே வந்து காது பார்த்தார்கள், பந்தல் போட்டு, இலவசமாக, அவர் மட்டும் அந்த நேரத்தில் வகுப்பு இருக்கிறது என்று காலி வகுப்பறையில் போய் உட்கார்ந்திருந்தார். சொன்னால்தானே நிஜமாகும். எப்சிபாவிடம் கூடச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அழுவாள், அழுதுவிட்டு ஊரெல்லாம் ஜெபிக்கச் சொல்வாள், ஜெபக்கூட்டத்தில் இவர் பேரைச் சொல்லி எல்லாரும் கண்ணை மூடுவார்கள். அவள் பாட்டுக்கு இருக்கட்டும். போன கிறிஸ்துமஸ்வரை கட்டிலில் சுவரோரம் இடப்பக்கம் படுத்துக்கொண்டிருந்தவள், காற்றாடிக் காற்று தலைக்கு ஆகவில்லை என்று வலப்பக்கம் மாறிக்கொண்டாள். அது நல்லதாகப் போயிற்று, அவள் இருட்டில் பேசுவது ஓரளவு காதில் விழுகிறது. பஞ்சமம் வந்துவிட்டது. இந்தத் தடவை உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டார். தைவதம். தொட்டு இறங்கி, மறுபடி. நூல் மெலிந்து, மெலிந்து, போயிற்று. தம்பூரா. இப்போது. இப்போது வரும். தம்பூரா ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்த சுற்றில் வரும். வரவில்லை. ஷெர்லி இழுத்த கோடு எங்கே போகும், பின் குத்தின தடத்தை விரலால் தடவினால் இன்றைக்கும் தட்டுப்படும், அது அடிக்கிறது, நிச்சயமாக அடிக்கிறது, அவருக்கு முதுகுப்பக்கம் ஒரு கதவு தூரத்தில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது, பூதலிங்கத்துக்குக் கேட்கிறது, எப்சிபாவுக்குக் கேட்கிறது, கொய்யா மரத்து அணிலுக்கும் கேட்கும். மிருதங்கம் தொம் என்று விழுந்தது. இரண்டிலும் இல்லை. இரண்டில் ஒன்று தட்டு. அப்படியானால் போயிற்று. எல்லாம் போயிற்று. அப்பாவின் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது, போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

"ம், சொல்லும்வே" என்றார் பூதலிங்கம். அவர் சொன்னது வலது பக்கத்திலிருந்து, ஆகவே கேட்டது.

எதையாவது சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று சொன்னால் சாயம் வெளுத்துவிடும். "ரெண்டாவது" என்றார். குரல் யாருடையதோ போல வந்தது. "ரெண்டாவதுதான் தட்டு."

பின்னால் ஒரு கணம் மௌனம். அல்லது ஏதோ சொல்லப்பட்டு, அது அவருக்குக் கேட்கவில்லை. பிறகு எப்சிபா, "சரிதான். ரெண்டாவதுதான்" என்றாள்.

பூதலிங்கம் எழுந்து நின்று கையைக் கொட்டினார். தோற்றவர் மாதிரியே இல்லை. "ஓய், ஒத்துக்கிடுதேன். காதுன்னா அது காது! எனக்கே ரெண்டாவது ஓடுகையில கொஞ்சம் கரகரன்னு பட்டுச்சு, ஆனா நிச்சயமாச் சொல்ல முடியல. நீரு பட்டுன்னு சொல்லிட்டீரு. தங்கச்சி, சிடியெல்லாத்தையும் ஏலத்துக்குக் கட்டிரும். நானே வந்து எடுத்துக்கிடுதேன், வேற எவன் எடுப்பான்?" காபி குடித்தார், குடித்துக்கொண்டே ஏதேதோ பேசினார், அருமைநாயகம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி வைத்தார். பூதலிங்கத்துக்குக் கரகரவென்று பட்டிருக்கிறது. கரகரப்பு இருந்திருக்கிறது, டிக்கும் இருந்திருக்கும், கணக்கு வாத்தியார் அதைச் சொல்ல மறந்திருப்பார். ஜெயிக்காமல் இருந்திருந்தால் கூட ஒரு சந்தேகம் மிச்சம் இருந்திருக்கும். வாசல் வரை போய் வழியனுப்பினார். பூதலிங்கம் கேட்டைத் திறந்துகொண்டு திரும்பி இன்னும் ஒரு வார்த்தை சொன்னார், இவர் சிரித்தார், அது சிரிக்கிற வார்த்தையாக இருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

உள்ளே வந்தபோது எப்சிபா டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போயிருந்தாள். தட்டு சுழல்மேசை மேல்தான் இருந்தது. தன்னைக் காட்டிக்கொடுத்த அந்தக் கீறலை ஒரு தரம் பார்க்க வேண்டும் போலிருந்தது, தடவ வேண்டும் போலிருந்தது. குனிந்தார். கீறலுக்கு முன்னால் ஊசி கண்ணில் பட்டது. ஊசி முனைக்குப் போடுகிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் மூடி, நகக்கண் அளவு இருக்கும், அப்படியே மாட்டியிருந்தது. நேற்று அவர் தன் கையால் மாட்டினது. அது மாட்டியிருந்தால் ஊசி தட்டைத் தொடாது. முனகல் கூட வராது. ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் அப்படியே அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். தட்டு ஓடவேயில்லை. இரண்டு தரமும் சிடிதான் ஓடியிருக்கிறது. பூதலிங்கத்துக்குக் கரகரவென்று பட்டது வெறும் பிரமை, ஓய் பூதலிங்கம், உம்முடைய சிடி இருமியிருக்கிறது ஓய். ஆகவே டிக் வராதது நியாயம். ஆகவே காது, ஒருவேளை காது, ஒருவேளை அவ்வளவு மோசமில்லை.

"எப்சி."

வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், அவர் பார்வை இருக்கிற இடத்தைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், நின்றுவிட்டாள்.

"ஊசியத் தொடப் பயந்துக்கிட்டு ரெண்டு தரமும் சிடியப் போட்டுட்டியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் என்று அவள் சொல்லிவிட வேண்டும்.

"ஊசி வைக்க எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன புதுசுலயே நீங்கதான சொல்லிக் குடுத்திய" என்றாள். பிறகு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் வந்து நின்றாள். "அந்த டிக்க நம்பித்தான் இந்தத் தட்டச் சொல்லுதியன்னு எனக்குத் தெரியும். தட்டப் போட்டு, அது வந்து, உங்களுக்குக் கேக்காமப் போச்சுன்னா? அந்த அண்ணன் பக்கத்துல உக்காந்திருக்கையில? அதான் ரெண்டு மட்டமும் சிடியப் போட்டேன். நீங்க எதச் சொன்னாலும் சரின்னு சொல்லிரலாம்னு."

அவரைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் செய்த காரியம்தான் அவரை அந்த நாற்காலியில் கொன்று போட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தார், அதற்குள் வேறொன்று குறுக்கே வந்து நின்றது. "உனக்கு எப்பம் தெரியும்?"

"பின்ன, காத்தாடிக் காத்துக்கா பக்கம் மாறிப் படுத்தேன்?" என்றாள்.

அறையில் இருட்டு ஏறாத நல்ல மத்தியானம். அணில் போய்விட்டிருந்தது. அப்படியானால் கிறிஸ்துமஸிலிருந்தே. இவர் மூடி மூடி வைத்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்து, தெரிந்ததை அவளும் மூடி வைத்து, ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறார்கள். ஆனாலும், ஆனாலும், இன்னும் தட்டைப் போட்டுப் பார்க்கவில்லையே, அவள் நினைப்பது தப்பாகவும் இருக்கலாமே. எழுந்தார். மூடியைக் கழற்றினார். தட்டைச் சுழலவிட்டு ஊசியை விளிம்பில் வைத்தார். கை பழக்கத்தில் வைத்தது. இருவரும் குனிந்து நின்றார்கள், ஸ்பீக்கர் எதிரேயே, இரண்டு காதும் முழுசாகத் திறந்து. இந்தத் தடவை தேனையும் கேட்கவில்லை, வில்லையும் கேட்கவில்லை, வயலினை ஒரு படியாகத்தான் கேட்டார், ஏறு, சீக்கிரம் ஏறு. பஞ்சமம். தைவதம். நூல் போயிற்று. தம்பூரா. பார்வை ஊசி மேலேயே இருந்தது. கறுப்புத் தட்டில் ஷெர்லி போட்ட ரோடு ஒரு வெள்ளை முடி போலச் சுற்றி வந்தது, ஊசிக்கு அடியில் வந்தது, ஊசிக்கரம் துணுக்கென்று ஒரு துள்ளுத் துள்ளியது. சத்தம் இல்லை. மறுபடி சுற்றி வந்தது, மறுபடி துள்ளியது. எப்சிபாவின் இமை அந்த நேரத்துக்குச் சரியாக அடித்தது. மூன்றாவது துள்ளலுக்கும் அடித்தது. அவளுக்குத் தெரியாமல் அடிக்கிற இமை, அது பொய் சொல்லாது. மிருதங்கம் விழுந்தது.

"வந்துச்சு, இல்ல?" என்றார்.

"வந்துச்சு" என்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு எப்சி."

"எனக்கும்தான்" என்றாள். "நாளைக்குக் காலேஜுக்கு லீவு சொல்லுங்க, டாக்டர்ட்ட போவோம். பிள்ள அழுதா நான் உங்களத் தட்டுதேன். நீங்க எந்திரிச்சு வந்து தூக்குனாப் போதும்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். கேட்டுத்தான் ஆட்டினார், ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி ஒரு நெல் தூரம் கூட நகராத மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. மிருதங்கம் பலமாக விழுகிற இடத்தில் பள்ளங்கள் அகன்று வெளிறி, அமைதியான இடத்தில் வழுவழுவென்று கறுத்து, பாட்டு எங்கே தொடங்கியது, எங்கே போகிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எல்லாம் தெரிந்தது. சிடிப் பெட்டியைப் பார்த்தார். மூடின மூடி, ஒரு பச்சை விளக்கு. உள்ளே என்ன நடக்கிறதென்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

"சிடியவே கட்டிரு" என்றார். "இது ஓடுதது கண்ணுக்காவது தெரியும்."

அவள் அலமாரியைத் திறந்து சிடிகளை அடுக்கடுக்காக எடுத்துத் தரையில் வைக்கத் தொடங்கினாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அலமாரிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, ஏதோ சொன்னாள். சொன்னாள் என்பது தோள் அசைவில் தெரிந்தது. வயலினுக்கு அடியில் ஒரு முனகலாகப் போய்விட்டது. விட்டுவிடலாம், தலையை ஆட்டி வைக்கலாம், இத்தனை நாளாகச் செய்ததுதானே. அப்பாவின் குரலிலேயே, "என்ன சொன்ன?" என்று கேட்டார்.

எப்சிபா திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த அடுக்கை அப்படியே தரையில் வைத்தாள். எழுந்து, பெட்டிகளைத் தாண்டி, நாற்காலியைச் சுற்றி, அவருடைய வலது பக்கம் வந்து நின்றாள்.

"ராத்திரிக்குப் புட்டு அவிக்கட்டுமான்னு கேட்டேன்" என்றாள்.